‘நீங்க என்ன வேலை பாக்கீங்க?’ என்று ஆங்கிலத்தில் கேட்டால்: பேச்சுத் தேர்வில் வேலையும் படிப்பும்

கேள்வி இதுதான்: நர்சிங் முடித்துவிட்டு மூன்று வருடமாகப் பாளையங்கோட்டையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை. வெளிநாடு போக எழுதும் ஆங்கிலத் தேர்வான ஐஇஎல்டிஎஸ் எழுதியதில் கேட்டல், படித்தல், எழுதுதல் மூன்றும் தேறிவிட்டது, பேச்சில் மட்டும் ஒன்பதுக்கு 6. இங்கிலாந்தின் நர்சிங் கவுன்சிலுக்குப் பேச்சில் 7 வேண்டும். வேலையைப் பற்றிக் கேட்டதும் ‘ஐ ஆம் எ ஸ்டாஃப் நர்ஸ்’ என்பதற்கு மேல் நாக்கு நகரவில்லை. மெக்கானிக்கல் கடைசி வருடம் படிக்கும் தம்பிக்கும் இதே பாடுதான். என்ன தயார் செய்துகொண்டு போவது?

முதலில் ஒன்று. மூன்று வருடம் வார்டில் நின்றவருக்குச் சொல்ல விஷயம் இல்லாமல் இருக்காது. வேலையின் பெயருக்கு ஆங்கிலம் இருக்கிறது, அந்த வேலையில் கை என்ன செய்கிறது என்பதற்கு ஆங்கிலம் இல்லை. அதனால்தான் பெயரைச் சொன்னதோடு பேச்சு நின்றுவிடுகிறது. பயிற்சி வகுப்புகளில் இந்த இடத்தை ‘நர்சிங் ஈஸ் எ நோபிள் ப்ரொஃபெஷன்’ என்று நிரப்பச் சொல்லிக்கொடுக்கிறார்கள். தேர்வாளர் ஒரு நாளைக்கு எத்தனை நர்ஸிடம் அந்த வாக்கியத்தைக் கேட்பார் என்று யோசித்துப் பாருங்கள்.

தேர்வின் அளவு தெரிந்தால் பாதி பயம் போய்விடும். பேச்சுத் தேர்வு மொத்தம் 11 முதல் 14 நிமிடம், மூன்று பகுதி. முதல் பகுதி 4 முதல் 5 நிமிடம், தெரிந்த விஷயங்களைப் பற்றிய சின்னக் கேள்விகள். இரண்டாம் பகுதியில் ஒரு அட்டை கொடுத்து, ஒரு நிமிடம் யோசிக்க விட்டு, ஒன்றிலிருந்து இரண்டு நிமிடம் தனியாகப் பேசச் சொல்வார்கள். மூன்றாவது 4 முதல் 5 நிமிடக் கலந்துரையாடல். பாஸ்போர்ட்டைப் பார்த்துப் பெயர் கேட்டு முடித்ததும் முதலில் வருவது பெரும்பாலும் வேலை அல்லது படிப்பு, இல்லையென்றால் வீடு அல்லது சொந்த ஊர். தேர்வாளர் நேரில் உட்கார்ந்திருந்தாலும் திரையில் காணொலி அழைப்பில் வந்தாலும் முறை ஒன்றுதான்.

கணக்குப் போடுங்கள். முதல் பகுதியில் ஏறக்குறைய பத்துப் பன்னிரண்டு கேள்வி. நேரம் அதிகம் போனால் 300 விநாடி. ஒரு கேள்விக்கும் பதிலுக்கும் சேர்த்து 25 விநாடி, அதில் உங்கள் பங்கு 15 முதல் 20. நிதானமாகப் பேசினால் அந்த நேரத்தில் 35, 40 சொல் போகும். அதாவது மூன்று வாக்கியம், சில சமயம் நான்கு. இதுதான் இலக்கு. ஒரே வாக்கியத்தில் முடித்தால் மதிப்பெண் கொடுக்க அவருக்குச் சரக்கு கிடைக்காது. ஒரு நிமிடம் இழுத்தால் இடையில் வெட்டி அடுத்த கேள்விக்குப் போய்விடுவார். அந்த வெட்டு தண்டனை இல்லை, அவருக்குக் கடிகாரம் ஓடுகிறது. இது தெரியாமல் ‘தப்பாச் சொல்லிட்டோமோ’ என்று பதறி அடுத்த இரண்டு பதிலைக் கெடுத்துக்கொள்பவர்கள் நிறைய.

மதிப்பெண் நான்கு கூறாகப் போகிறது: தடையில்லாமல் கோவையாகப் பேசுவது, சொல்வளம், இலக்கணத்தின் வீச்சும் திருத்தமும், உச்சரிப்பு. நான்குக்கும் சம எடை. நீங்கள் சொல்லும் தகவல் சரியா, சம்பளம் நல்லதா, ஆஸ்பத்திரி பெரியதா என்பதற்கு மதிப்பெண் கிடையாது. ஆகவே அப்பா நயினார்குளம் மார்க்கெட்டில் மூடை தூக்குகிறார், அம்மா முக்கூடலில் பீடி சுற்றுகிறார் என்றால் அதை மறைத்து ‘பிசினஸ்’ என்று பூசி மெழுக வேண்டாம். பூசினால் அடுத்த கேள்விக்குப் பொய்யை வளர்க்க வேண்டும், அந்த யோசனையில் பேச்சு திக்கும். ‘மை மதர் ரோல்ஸ் பீடிஸ் அட் ஹோம், தே ஆர் ஸ்மால் ஹேண்ட்-ரோல்டு சிகரெட்ஸ்’ என்று ஒரு வரியில் விளக்கிவிட்டுப் போனால் போதும். ஊர்ச்சொல்லைச் சொல்லி அதே மூச்சில் பொருளையும் சொல்வது சொல்வளத்துக்கு நல்ல சான்று. பத்தமடைப் பாய், நுங்கு, கருப்பட்டி எதுவானாலும் இப்படியே.

முதல் கேள்வி

‘டூ யூ வொர்க் ஆர் ஆர் யூ எ ஸ்டூடன்ட்?’ இதற்கு நீங்கள் சொல்வதை வைத்துத்தான் அவர் வேலைக் கேள்விகளை எடுப்பதா படிப்புக் கேள்விகளை எடுப்பதா என்று முடிவு செய்வார். ஆகவே ஒரு பக்கம் தெளிவாக நிற்க வேண்டும். பகலில் வேலை, கூடவே தொலைநிலைக் கல்வியில் எம்.ஏ. என்றால் எதைப் பற்றி அதிகம் பேச வருமோ அதை முன்னால் வையுங்கள்: ‘ஐ வொர்க். ஐம் ஆல்ஸோ டூயிங் எ மாஸ்டர்ஸ் பை டிஸ்டன்ஸ் லேர்னிங், பட் த ஜாப் டேக்ஸ் அப் மோஸ்ட் ஆஃப் மை டே.’

இரண்டும் இல்லாதவர்கள்தான் இந்த இடத்தில் தடுமாறுகிறார்கள். படிப்பு முடிந்து டிஎன்பிஎஸ்சிக்குப் படிப்பவர், குழந்தை பிறந்து வேலையை விட்டவர், கம்பெனி மூடி வீட்டில் இருப்பவர் எல்லாரும் ‘நத்திங், சிம்ப்ளி இன் ஹோம்’ என்று சொல்லி வாயை மூடிக்கொள்கிறார்கள். ‘வீட்டில சும்மாதான் இருக்கேன்’ என்ற தமிழ் அப்படியே வந்துவிடுகிறது. அதற்குப் பதில், கடைசியாகச் செய்ததைச் சொல்லி வழி திறந்துவிடுங்கள்: ‘நைதர் அட் த மோமென்ட். ஐ கிராஜுவேட்டட் லாஸ்ட் மே, அண்ட் ஐம் ப்ரிபேரிங் ஃபார் எ கவர்ன்மென்ட் எக்ஸாம்.’ வேலையை விட்டவர் ‘ஐம் டேக்கிங் எ ப்ரேக் டு லுக் ஆஃப்டர் மை டாட்டர், பட் அன்டில் லாஸ்ட் இயர் ஐ வொர்க்டு இன் எ பேங்க்’ என்றால் அடுத்த கேள்வி வங்கி வேலையைப் பற்றி வர வழி இருக்கிறது.

பெயர்ச்சொல்லை விடுங்கள், வினைச்சொல்லைப் பிடியுங்கள்

தயாரிப்பு என்றால் ஒரு தாளில் உங்கள் வேலையின் வினைச்சொற்களை எழுதுவதுதான். பன்னிரண்டு போதும். காலையில் உள்ளே நுழைந்ததிலிருந்து வெளியே வரும் வரை கை என்ன செய்கிறது என்று தமிழில் எழுதி, எதிரே ஆங்கிலம்.

உங்களுக்கு: புண்ணைக் கழுவிக் கட்டு மாற்றுவது ‘சேஞ்ச் டிரெஸ்ஸிங்ஸ்’. அடுத்த ஷிஃப்ட்டிடம் ஒப்படைப்பது ‘ஹேண்ட் ஓவர்’. ஆபரேஷன் முடிந்தவரை எழுப்பி நடக்க வைப்பது ‘கெட் தெம் வாக்கிங் அகெய்ன்’. பயந்திருப்பவரைத் தேற்றுவது ‘ரீஅஷ்யூர்’. குறிப்பேட்டில் ஏற்றுவது ‘ஃபில் இன் த சார்ட்ஸ்’. ராதாபுரம் பக்கம் காற்றாலையில் டெக்னீஷியனாக இருப்பவருக்கு: கோபுரம் ஏறுவது, போல்ட் முறுக்குவது, பேரிங்குக்கு கிரீஸ் வைப்பது, கியர்பாக்ஸ் ஆயில் பார்ப்பது, பழுதானதை மாற்றுவது. அவருக்கு இன்னொரு வசதியும் உண்டு: ஆனி, ஆடியில் காற்று வீசும்போது இயந்திரத்தை நிறுத்த முடியாது, ஆகவே பெரிய பராமரிப்பெல்லாம் காற்று ஓய்ந்த மாதங்களில். இந்த ஒரு விஷயத்திலேயே ‘வென்’, ‘ஸோ’, ‘அன்லெஸ்’ மூன்றும் தானாக வந்து விழும். கணக்கு எழுதுபவருக்கு பாக்கியை விரட்டி வாங்குவது ‘சேஸ் பேமென்ட்ஸ்’, வங்கிக் கணக்கோடு ஒத்துப்பார்ப்பது ‘ரீகன்சைல்’. ஆசிரியருக்கு விடைத்தாள் திருத்துவது ‘மார்க் பேப்பர்ஸ்’, விடுப்பில் போனவர் வகுப்பைப் பார்ப்பது ‘கவர் எ க்ளாஸ்’.

இந்தச் சொற்களைக் கோத்தால் பதில் இப்படி வரும்:

‘ஐம் எ நர்ஸ். ஐவ் பீன் வொர்க்கிங் இன் எ சர்ஜிகல் வார்ட் ஃபார் த்ரீ இயர்ஸ் நவ், ஸோ மோஸ்ட்லி ஐ லுக் ஆஃப்டர் பீப்பிள் ஹூவ் ஜஸ்ட் ஹேட் அன் ஆபரேஷன். ஐ சேஞ்ச் தெயர் டிரெஸ்ஸிங்ஸ், செக் தெயர் ப்ளட் பிரெஷர், அண்ட் கெட் தெம் வாக்கிங் அகெய்ன்.’

எண்ணினால் 38 சொல். கடினமான சொல் ஒன்றுமில்லை. ஆனால் ‘ஐவ் பீன் வொர்க்கிங்’ என்று மூன்று வருடத் தொடர்ச்சி வந்துவிட்டது, ‘ஹூவ் ஜஸ்ட் ஹேட்’ என்று ஒரு துணை வாக்கியம் உள்ளே அமர்ந்துவிட்டது, மூன்று வினைகள் அடுக்காக வந்துவிட்டன. இதை மனப்பாடம் செய்யக் கூடாது. மனப்பாடப் பதில் காட்டிக்கொடுத்துவிடும்: பாதியில் வேகம் கூடும், கண் மேலே போகும், குரல் ஒரே சுருதியில் ஓடும். தேர்வாளர் உடனே பதிலுக்குள்ளிருந்தே ஒரு குறுக்குக் கேள்வி போட்டால் அடுத்த வரி 5-க்கு இறங்கிவிடும். வினைச்சொற்களை மட்டும் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு முறையும் வேறு மாதிரி கோத்துப் பழகுங்கள்.

‘டூ யூ லைக் யுவர் ஜாப்?’ என்பதற்கு ‘யெஸ், ஐ லைக் வெரி மச்’ என்பது பதிலாகாது. ஒரு கஷ்டத்தையும் ஒரு சந்தோஷத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்: ‘ஆன் த ஹோல், யெஸ். நைட் ஷிஃப்ட்ஸ் ஆர் டயரிங், பிகாஸ் தேர் ஆர் ஒன்லி டூ ஆஃப் அஸ் ஃபார் ட்வென்டி பெட்ஸ். பட் வென் சம்படி ஹூ குடுன்ட் சிட் அப் ஆன் மண்டே வாக்ஸ் அவுட் ஆன் ஃப்ரைடே, ஐ ஃபீல் இட் வாஸ் வொர்த் இட்.’ திங்களும் வெள்ளியும் வந்ததால் ‘இண்டரெஸ்டிங்’, ‘சேலஞ்சிங்’ போன்ற தேய்ந்த சொற்களுக்கு வேலையே இல்லாமல் போயிற்று.

ஒரு எச்சரிக்கை. எதிரே இருப்பவர் நர்ஸ் இல்லை. அதோடு நம்மூர் ஆஸ்பத்திரி ஆங்கிலம் வேறு நாட்டில் செல்லாது. ‘ரைல்ஸ் டியூப்’ என்றால் வெளியாருக்குப் புரியாது, ‘ஃபீடிங் டியூப்’ என்றால் புரியும். ‘பைஸ்டாண்டர்’ என்று நாம் நோயாளிக்குத் துணைக்கு இருப்பவரைச் சொல்கிறோம், அவர்களுக்கு அது தெருவில் வேடிக்கை பார்ப்பவர். ‘த ரிலேட்டிவ் ஹூ ஸ்டேஸ் வித் த பேஷன்ட்’ என்று பிரித்துச் சொல்லுங்கள். ‘காஷுவாலிட்டி’க்கு ‘எமர்ஜென்சி டிபார்ட்மென்ட்’. ‘ஓ.பி.’ என்று எழுத்தாகச் சொல்லாமல் ‘அவுட்பேஷன்ட்ஸ்’.

உள்ளே ஓடும் தமிழ்

உங்களுக்கு 6 வந்ததற்கும் 7 வராததற்கும் இடையில் நிற்பது பெரும்பாலும் இலக்கணம். 7 என்றால் பிழையில்லாத வாக்கியங்கள் அடிக்கடி வர வேண்டும். நம் ஆட்கள் செய்யும் பிழைகள் கண்டபடி வருவதில்லை, எல்லாவற்றுக்கும் தமிழில் வேர் இருக்கிறது. வேரைக் கண்டுகொண்டால் இலக்கணப் புத்தகம் முழுக்கப் படிக்க வேண்டியதில்லை.

பெரிய திருடன் ‘போவேன்’. தமிழில் தினமும் செய்வதையும் ‘காலைல ஏழு மணிக்குப் போவேன், மருந்து கொடுப்பேன், சார்ட் எழுதுவேன்’ என்று எதிர்கால உருவில் சொல்கிறோம். அது அப்படியே ‘டெய்லி மார்னிங் ஐ வில் கோ, ஐ வில் கிவ் மெடிசின்’ என்று இறங்குகிறது. கேட்பவருக்கு இன்னும் தொடங்காத வேலையைச் சொல்வது போல இருக்கும். அன்றாடம் என்றால் ‘ஐ ஸ்டார்ட் அட் செவன், ஐ கிவ் த மார்னிங் மெடிசின்ஸ்’. இதே ‘-வேன்’ பழைய காலத்துக்கும் ஓடும்: ‘பள்ளிக்கூடம் படிக்கும்போது ஆத்துல போய்க் குளிப்போம்’. அதை ‘வீ வில் பாத்’ என்று சொல்லிவிடுகிறார்கள். அங்கே வேண்டியது ‘வீ யூஸ்டு டு ஸ்விம் இன் த ரிவர்’. வேலையையும் படிப்பையும் பற்றிய கேள்விகளில் பாதி அன்றாடப் பழக்கம் கேட்பவை என்பதால், இந்த ஒரு பிழையைக் களைந்தாலே பேச்சு வேறு மாதிரி கேட்கும்.

அடுத்தது ‘சின்ஸ் த்ரீ இயர்ஸ்’. வேடிக்கை என்னவென்றால் தமிழ் இதைச் சரியாகப் பிரித்தே வைத்திருக்கிறது. ‘மூணு வருஷமா’ என்பது நீளம், அதற்கு ‘ஃபார்’. ‘2022-லேருந்து’ என்பது தொடங்கிய புள்ளி, அதற்கு ‘சின்ஸ்’. ‘ஆ’ வந்தால் ‘ஃபார்’, ‘லேருந்து’ வந்தால் ‘சின்ஸ்’ என்று மனதில் போட்டுக்கொள்ளுங்கள். வினைதான் வழுக்கும்: தமிழில் ‘மூணு வருஷமா வேலை பாக்கேன்’ என்று நிகழ்காலம் போதும், ஆங்கிலத்துக்கு ‘ஐவ் பீன் வொர்க்கிங்’ வேண்டும். இதற்கு நேர் எதிரான பிழையும் உண்டு: ‘சேர்ந்திருக்கேன்’ என்ற நினைப்பில் ‘ஐ ஹேவ் ஜாயின்டு இன் 2022’. வருடத்தைச் சொல்லிவிட்டால் ‘ஐ ஜாயின்டு’ தான்.

‘பத்து பேஷன்ட் இருக்காங்க’ என்று தமிழில் எண் வந்தாலே பன்மை முடிந்தது. ஆங்கிலத்தில் கடைசி ‘ஸ்’ இல்லாவிட்டால் அது பிழை, அதுவும் கேட்டதும் தெரியும் பிழை. மாறாக ‘வொர்க்ஸ்’, ‘ஸ்டாஃப்ஸ்’, ‘எக்விப்மென்ட்ஸ்’ என்று வேண்டாத இடத்தில் ஒட்டிக்கொள்கிறது. ‘எ லாட் ஆஃப் வொர்க்’, ‘மெம்பர்ஸ் ஆஃப் ஸ்டாஃப்’ என்பவைதான் சரி.

‘-ன்னா’ என்பது ‘மீன்ஸ்’ ஆகிறது: ‘நைட் ட்யூட்டி மீன்ஸ் டூ ஸ்டாஃப் ஒன்லி.’ ‘-தான்’ என்பது ‘ஒன்லி’ ஆகிறது: ‘ஐ ஸ்டடீட் தேர் ஒன்லி.’ ‘-ஏ’ என்பது ‘இட்செல்ஃப்’ ஆகிறது. இவற்றை நீக்குவது எளிது, பேச்சைப் பதிவு செய்து ஒரு முறை கேட்டால் போதும், கூச்சமே வேலையைச் செய்துவிடும்.

காரணம் சொல்லும் வரிசையையும் கவனியுங்கள். ‘வீட்டுக்குப் பக்கத்துல இருக்கு, நைட்டு பஸ் கிடைக்காது, அதனால இங்க சேர்ந்தேன்’ என்று தமிழ் முடிவைக் கடைசியில் வைக்கும். ஆங்கிலத்தில் அதே வரிசையில் போனால் கேட்பவர் ‘இவர் எதற்கு பஸ்ஸைப் பற்றிப் பேசுகிறார்’ என்று காத்திருக்க வேண்டும். முடிவை முதலில் போட்டு, ‘பிகாஸ்’ சொல்லிக் காரணத்தைப் பின்னால் தொடுத்தால் கோவை தானாக வரும்.

தம்பிக்கு

படிப்பைப் பேசுவதில் வேறு சிக்கல். நம் கல்லூரிகளுக்கென்றே ஒரு ஆங்கிலம் இருக்கிறது. தென்னிந்தியாவின் ஆக்ஸ்ஃபோர்டு என்று பெயர் வாங்கிய பாளையங்கோட்டையிலும் அதைத்தான் பேசுகிறார்கள், உண்மையான ஆக்ஸ்ஃபோர்டில் சொன்னால் விழிப்பார்கள். ‘ஐ பாஸ்ட் அவுட் இன் 2024’ என்றால் மயங்கி விழுந்தேன் என்று பொருள், ‘கிராஜுவேட்டட்’ என்க. ‘அரியர்’ அங்கே பாக்கிப் பணம், ‘ஐ ஹேட் டு ரீடேக் டூ பேப்பர்ஸ்’ என்க. ‘டே ஸ்காலர்’க்கு ‘ஐ கம்யூட் ஃப்ரம் ஹோம்’. ‘பைஹார்ட் பண்ணினேன்’ என்பதற்கு ‘மெமரைஸ்டு’. எல்லாவற்றையும் விட வேடிக்கை ‘ஐ காட் திஸ் காலேஜ் த்ரூ கவுன்சிலிங்’. பொறியியல் சேர்க்கைக் கலந்தாய்வு தெரியாதவர், பையன் மனநல ஆலோசனைக்குப் போனான் என்றுதான் எடுத்துக்கொள்வார். ‘த்ரூ த ஸ்டேட் அட்மிஷன் ப்ராசஸ்’ என்றால் தெளிவு.

‘ஐ ஆம் பர்சூயிங் மை ஃபைனல் இயர் பி.ஈ.’ என்பது பயோடேட்டா மொழி. வாயால் சொல்ல ‘ஐம் இன் மை ஃபைனல் இயர் ஆஃப் எ மெக்கானிக்கல் எஞ்சினியரிங் டிகிரி’ போதும்.

‘ஏன் இந்தப் பாடத்தை எடுத்தீர்கள்?’ என்ற கேள்விக்கு நூற்றில் பாதிப் பேர் ‘சின்ன வயசிலேருந்து ஆசை’ என்று பொய் சொல்கிறார்கள், அதற்கு அடுத்து என்ன சொல்வதென்று தெரியாமல் நிற்கிறார்கள். உண்மை என்ன? அப்பா சொன்னார், அல்லது மதிப்பெண்ணுக்கு அதுதான் கிடைத்தது. அதையே சொல்லலாம், நன்றாகவும் இருக்கும்: ‘டு பி ஆனஸ்ட், இட் வாஸ் மை ஃபாதர்ஸ் ஐடியா. ஐ வான்டட் டு டு காமர்ஸ், பட் ஒன்ஸ் வீ ஸ்டார்டட் டேக்கிங் எஞ்சின்ஸ் அபார்ட் இன் த செகண்ட் இயர், இட் க்ரூ ஆன் மீ.’ கடைசிச் சொற்றொடர், போகப் போகப் பிடித்துப்போயிற்று என்பதற்கு ஆங்கிலத்தில் இயல்பாகச் சொல்வது. சொல்வளத்தில் மேலே போக இத்தகைய ஒன்றிரண்டு போதும், ஆனால் இடத்தில் பொருந்த வேண்டும். பனகுடி, காவல்கிணறு பக்கத்துப் பையன் என்றால் மகேந்திரகிரியில் இஸ்ரோ ராக்கெட் எஞ்சின்களைச் சோதிக்கும் இடம் அருகில் இருப்பதைக் காரணமாகச் சொல்லலாம். அது அவன் வாழ்க்கையில் உண்மையாக இருந்தால் மட்டும்.

படிப்பில் எது பிடிக்கும், எது பிடிக்காது என்றால் பாடத்தின் பெயரோடு நிறுத்தாமல் அந்த வகுப்பில் என்ன நடக்கிறது என்று ஒரு வரி. தெர்மோடைனமிக்ஸ் கசக்கும் என்றால் ஏன்? சூத்திரம் புரியும், எந்தக் கணக்குக்கு எந்தச் சூத்திரம் என்பதுதான் புரியாது. அதைச் சொன்னால் போதும்.

வாய்

உச்சரிப்பில் நம் ஊர்த் தொனி இருப்பதற்காக மதிப்பெண் குறையாது. புரியாமல் போனால்தான் குறையும். புரியாமல் போகச் செய்பவை சில உண்டு.

‘எட்டு’ என்று எழுதி ‘யெட்டு’ என்றும், ‘ஒண்ணு’ என்று எழுதி ‘வொண்ணு’ என்றும் பேசுகிறோம். அதே பழக்கத்தில் ‘யெஞ்சினியர்’, ‘யெக்ஸாம்’, ‘வொன்லி’, ‘வோவர்டைம்’ வரும். சொல் தொடங்கும் முன் உதடும் நாக்கும் அசையாமல் நேரே உயிரொலியில் இறங்கப் பழக வேண்டும். சொல் முடிவில் ‘வார்டு’, ‘ஷிப்டு’, ‘பெட்டு’ என்று ஒரு ‘உ’ ஒட்டும். அதை ஒட்டாமல் நிறுத்தினால் பன்மை ‘ஸ்’ தெளிவாகக் கேட்கும், இரண்டு லாபம். ‘ப’ ஒரே எழுத்தானதால் படுக்கைக்கும் வளர்ப்புப் பிராணிக்கும் ஒலியில் வேறுபாடு காட்டாமல் விடுவதும் உண்டு. இதைத் தமிழ் எழுத்தில் எழுதிக் காட்டக்கூட முடியவில்லை பாருங்கள், அதுதான் சிக்கலே.

அழுத்தம் இன்னும் முக்கியம். ‘எஞ்சினியர்’ கடைசி அசையில், ‘கலீக்’, ‘ஹாஸ்பிடல்’, ‘ஸாலரி’ முதல் அசையில், ‘எக்ஸ்பீரியன்ஸ்’, ‘டிபார்ட்மென்ட்’, ‘மெக்கானிக்கல்’ இரண்டாம் அசையில், ‘யுனிவர்சிட்டி’ ‘வர்’ என்ற இடத்தில். வாழ்க்கைத் தொழிலைக் குறிக்கும் சொல்லை நாம் ‘கேரியர்’ என்கிறோம், அது சோற்றுத் தூக்கு. சரியான ஒலி ‘கரியர்’, அழுத்தம் பின்பாதியில். வேலையைப் பற்றிய பேச்சில் நாலு முறையாவது வரும் சொல் என்பதால் இதை முதலில் திருத்துங்கள்.

பழகும் விதம்

செல்போனில் பதிவு செய்யும் வசதியைத் திறந்து, பத்துக் கேள்வியைச் சீட்டில் எழுதிக் குலுக்கிப் போடுங்கள். என்ன வேலை, ஏன் இதை எடுத்தீர்கள், காலையில் முதலில் என்ன செய்வீர்கள், எது கஷ்டம், கூட வேலை பார்ப்பவர்கள் எப்படி, முதல் நாள் எப்படி இருந்தது, காலை ஷிஃப்ட் பிடிக்குமா இரவு பிடிக்குமா, என்ன கருவி பயன்படுத்துகிறீர்கள், வேறு வேலைக்குப் போவீர்களா, இன்னும் என்ன கற்றுக்கொள்ள வேண்டும். சீட்டை எடுத்ததும் இரண்டு விநாடியில் பேசத் தொடங்க வேண்டும்.

கேட்கும்போது எல்லாப் பிழையையும் வேட்டையாட வேண்டாம். முதல் வாரம் மூன்று மட்டும்: ‘வில்’ எத்தனை, விட்டுப்போன ‘ஸ்’ எத்தனை, பதில் எத்தனை விநாடி. பேசும்போது கிடைக்காமல் தடுக்கிய சொல்லை மட்டும் தாளில் சேருங்கள், பதில் முழுவதையும் எழுதினால் அது மறுபடியும் மனப்பாடம் ஆகிவிடும். இரண்டாம் வாரம் துபாயிலோ சவூதியிலோ இருக்கும் மதினியையோ கூட்டாளியையோ வாட்ஸாப்பில் கூப்பிட்டு, உங்கள் பதிலுக்குள்ளிருந்தே ‘ஏன்?’, ‘அப்புறம்?’ என்று குறுக்குக் கேள்வி போடச் சொல்லுங்கள். கண்ணாடி முன் நின்று பேசுவதால் இந்தப் பலன் வராது, கண்ணாடி குறுக்கே கேட்காது.

கேள்வி காதில் விழவில்லை என்றால் ‘சாரி, குட் யூ ஸே தட் அகெய்ன்?’ என்று கேட்பதில் குறைவில்லை. முதல் பகுதியில் அவர் கேள்வியைத் திரும்பச் சொல்வார், ஆனால் நீட்டி விளக்க அவருக்கு இடம் குறைவு. மூன்றாம் பகுதியில் அந்தச் சலுகை அதிகம்.

வேலை, படிப்பு பற்றி இரண்டாம் பகுதியில் அட்டை வந்தால் இதே வினைச்சொல் தாள் கைகொடுக்கும், ஒரு நிமிடத்தில் நாலு சொல் குறித்துக்கொண்டு ஒரு குறிப்பிட்ட நாளைச் சொல்லத் தொடங்குங்கள். மூன்றாம் பகுதியில் ‘ஐ’ என்பதிலிருந்து ‘பீப்பிள்’ என்பதற்கு மாற வேண்டும். இளைஞர்கள் ஏன் ஊரை விட்டு வேலைக்குப் போகிறார்கள் என்று கேட்டால் உங்கள் பயணத் திட்டத்தைச் சொல்லக் கூடாது. வள்ளியூரிலும் திசையன்விளையிலும் வீட்டுக்கு ஒருவர் சென்னை, பெங்களூர், வளைகுடா என்று போயிருப்பதன் காரணத்தைச் சொல்லுங்கள், பின்னால் வேண்டுமானால் உங்கள் வீட்டை உதாரணம் காட்டுங்கள்.

தேர்வன்று ‘சார்’, ‘மேடம்’ என்று ஒவ்வொரு வாக்கியத்துக்கும் வால் வைக்க வேண்டாம். அதற்கு மதிப்பெண் வெட்டுவதில்லை, ஆனால் வாக்கியம் முடியும்போது குரல் இயல்பாக இறங்குவதை அது கெடுக்கிறது. உள்ளே போகும் முன் பத்து நிமிடமாவது யாரோடாவது ஆங்கிலத்தில் பேசிவிட்டுப் போங்கள், இல்லாவிட்டால் வாய் சூடாவதற்குள் வேலைக் கேள்விகள் முடிந்து அவர் வேறு தலைப்புக்குப் போயிருப்பார்.